இடது கையில் பன்னிரண்டு சொட்டு

சொறியக் கூடாது. இருபது நிமிடம் சொறியாமல் இருந்தால் போதும் என்று அந்த நர்ஸ் பெண் ஜெனிபர், ஏதோ எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயசுக்காரியிடம் சொல்கிற சொல்லா இது, ராஜகனி இத்தனை வருஷத்தில் எதையெல்லாம் சொறியாமல் இருந்திருக்கிறாள் என்று இந்தக் குட்டிக்கு என்ன தெரியும். இடது முன்கை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது, விற்பனைக்கு வைத்த வாழைத்தண்டு மாதிரி. நீலப் பேனாவால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண், ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் ஒரு ஊசிக் குத்து. ஒன்றாம் நம்பர் வெறும் உப்புத் தண்ணீர், அது வீங்கவே கூடாதாம். இரண்டாம் நம்பர் ஹிஸ்டமின், அரிப்பு மூட்டுகிற சரக்கு, அது வீங்கியே ஆகணுமாம். ஒருத்தன் கட்டாயப் பொய், ஒருத்தன் கட்டாய மெய், மீதிப் பத்துப் பேரும் விசாரணைக் கைதிகள்: தூசி, கரப்பான், பூனை, பூஞ்சை என்று வரிசையாக. ஏழாம் நம்பரில் மிளகாய். மற்றவர்களைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை, ஏழு வீங்கினால் போதும், ஏழு மட்டும் ஒரு துவரம்பருப்பு அளவு வீங்கினால் போதும், வீட்டை மாற்றிவிடலாம். சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐந்து என்றது. கையைப் பார்க்கப் போவதில்லை, நேரம் முடிகிறவரை பார்க்கப் போவதே இல்லை, பரீட்சை எழுதி முடித்தவள் வாத்தியார் திருத்துவதை எட்டிப் பார்ப்பதா.

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் தனுஷ்கோடி செல்போனில் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மதுரையில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விருதுநகர்க் கிடங்கில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லத் தெரிந்த மனுஷன். "சம்பா வத்தல அந்தப் பக்கம் அடுக்குடா, முண்டு வத்தல் ஈரமா இருந்தா தனியா வையி." கீழே கிடங்கு, மேலே வீடு, நடுவில் ஒரே ஒரு மரப்படி, மூன்று தலைமுறையாக இப்படித்தான். மிளகாய் மண்டிக்காரன் வீட்டில் மிளகாய் நெடி வராமல் மல்லிகைப்பூ வாசமா வரும் என்று அவர் கேட்பார், தப்பில்லாமல்தான் கேட்பார், கெட்ட மனுஷன் இல்லை. மூச்சு இழுக்கும்போது மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் முட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் அதே மூட்டையை அவிழ்ப்பார். போன மாசம் ஆஸ்பத்திரியில் மூச்சுப் புகை வைத்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு வந்தது. "டெஸ்ட்டுல மிளகாய்னு வரட்டும் ராஜி. குலசாமி சத்தியமா மறு மாசமே வேற வீடு. வரலைன்னா இந்தப் பேச்ச இன்னையோட விட்ரணும், சரியா?" அவளும் சரி என்றாள். யோசிக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் நீளமாகப் பதில் சொல்லவும் முடியவில்லை, சரி என்பது ஒரே மூச்சில் முடிகிற சொல். அதோடு டெஸ்ட் என்றதும் கான்வென்ட்டில் படித்த திமிர் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டது. பரீட்சையில் என்றைக்கு ராஜகனி தோற்றிருக்கிறாள். ஒரு வாரம் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். ஏழு நாளும் மூக்கு ஒழுக, கண் சிவக்க, அதே கிடங்குக்கு மேலே நின்று அவருக்குத் தோசை சுட்டுப் போட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

கை குறுகுறுக்கிறது. எந்த நம்பர் என்று தெரியவில்லை, மணிக்கட்டுப் பக்கமா, முழங்கைப் பக்கமா. பார்க்கக் கூடாது. முதல் தடவை ஒன்றும் ஆகாதாம். இதைச் சொன்னது டாக்டர் ஷமீனா, போன வாரம், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கடுகு கடுகாகப் புள்ளி வைத்து. "இது மாஸ்ட் செல்மா. உடம்போட வாசல்ல, தோல்ல, மூக்குல, மூச்சுக்குழாய்ல எல்லாம் காவலுக்கு நிக்கும். இந்தப் புள்ளியெல்லாம் ஹிஸ்டமின் பை. முதல் தடவை ஒரு பொருள் உள்ள வந்தா ஒண்ணும் தெரியாது. ஆனா உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும், அதுக்குன்னே ஆன்டிபாடி தயார் பண்ணி இந்த செல்லு மேல குத்தி வச்சிரும். அடுத்த தடவை அதே ஆள் வந்தா அவ்வளவுதான், பை எல்லாம் வெடிக்கும்." முதல் தடவை ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்திருக்கிறாள், டாக்டருக்குத் தெரியாது. கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள், பட்டுச்சேலையோடு, மறுவீட்டுப் பலகாரம் வயிற்றில் கிடக்க, அந்த வீட்டிலேயே இருக்கிற அவரோட அக்கா வேலம்மாள் மதினி கையைப் பிடித்துக் கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டு வழக்கம் அது. புதுப்பெண் கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூட்டைகளுக்கு நடுவே நடக்கணும், முகத்தை மூடக் கூடாது, இருமாமல் தும்மாமல் நடந்தால் அவள் கால் தொழிலுக்கு ராசி. காம்பு கிள்ளுகிற பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜகனி நடந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்தது, தொண்டையில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள், இருமவில்லை. கான்வென்ட்டில் சேப்பலில் இருமினால் சிஸ்டர் பெர்னடிட் வெளியே முட்டி போட வைப்பாள், அந்தப் பயிற்சி. மறு கோடியில் மதினி அவளுக்குச் சர்க்கரை ஊட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க தம்பி பொண்டாட்டி பாஸு!" என்றாள். பாஸ். இரண்டு வருஷம் கழித்து இழுப்பு வந்தபோது அந்தப் பாஸ்தான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அன்னைக்கு இருமாதவளுக்கு இப்ப என்ன இருமல்? பழகப் பழக ஒத்துக்காம போகுமா எங்கயாச்சும்? போகும் மதினி, பழகப் பழகத்தான் ஒத்துக்காமல் போகும், மனுஷரிடத்திலும் அப்படித்தான், டாக்டர் வட்டம் போட்டே காட்டினாள், அந்தச் சீட்டை நான் உங்கள் தலையணை உறையில் தைத்து வைக்கிறேன்.

ஆனால் அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னாள், அதுதான் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. "அலர்ஜின்னா என்னன்னா அம்மா, ஒண்ணுமில்லாத பொருளை உடம்பு எதிரின்னு தப்பா நினைச்சிருது. காவல்காரங்க கொஞ்சம் அளவுக்கு மீறிப் பதறிடுறாங்க." ஒண்ணுமில்லாத. அளவுக்கு மீறி. சிரித்த முகத்தோடு சொன்னாள் பாவம், படித்த பெண், ஆனால் ராஜகனிக்குக் காதுக்குள் மதினி குரல்தான் கேட்டது. "ஒண்ணுமில்லாததுக்கு ஆர்ப்பாட்டம் பண்ணாத ராசகனி. எங்கம்மா இந்த நெடியில ஏழு பெத்தா. உன் கான்வென்ட்டு மூக்குக்கு மட்டும் என்ன வெள்ளக்காரச் சளியா?" ஒன்றுமில்லாதது என்று யார் முடிவு பண்ணுகிறார்கள்? மூட்டை பிரிப்பவனா, மூச்சு விடுபவளா? அந்த மாஸ்ட் செல் என்ன அவ்வளவு மடச்சியா. சிஸ்டர் பெர்னடிட் பயாலஜி வகுப்பில், உடம்பு ஒரு கோட்டை, கேர்ள்ஸ், என்று கரும்பலகையில் கோட்டை வரைந்து, வெள்ளை அணுக்களைச் சிப்பாய்களாக நிறுத்தி வைப்பாள், கிருமியை மட்டும் கொம்போடு வரைவாள். கொம்பு இருந்தால்தான் எதிரியா? கொம்பில்லாத எதிரியை ராஜகனி நிறையப் பார்த்திருக்கிறாள், சர்க்கரை ஊட்டுகிற எதிரியைக்கூட. வாசலில் நிற்கிறவளுக்குத்தான் வருகிறவன் யார் என்று தெரியும், அரண்மனைக்குள் படுத்திருப்பவன், ஏன் இந்தக் கூப்பாடு என்று கேட்பான். சரி, தப்பாகவே பதறட்டும், தப்பாகவே கத்தட்டும், அந்த வீட்டில் எனக்காகக் கத்துவதற்கு வேறு யார் இருந்தார்கள். என் பக்கம் நின்றது என் தோலுக்கடியில் இருக்கிற அந்தக் கடுகுப் பைக்காரிகள்தான். அவர்களைப் போய் அளவுக்கு மீறியவர்கள் என்றால் எனக்குக் கோபம் வராதா. பதினொன்று பன்னிரண்டு. இன்னும் பதிமூன்று நிமிடம். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச் என்றது, அது கூடவே மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டாள், எண்ணக் கூடாது, எண்ணினால் இழுப்பு வந்துவிடும்.

வராது. இங்கே வராது, இங்கே எல்லாம் இருக்கிறது, ஆக்ஸிஜன் சிலிண்டர்கூட மூலையில் நிற்கிறது. போன மாசம் இழுப்பு வந்த அன்றைக்குப் பாத்ரூமில் இது ஒன்றும் இல்லை. காலை ஒன்பது மணி, கீழே மூட்டை உதறுகிற சத்தம், சோப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போகவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை, உள்ளே போய்விடும் எப்படியாவது, வெளியே வராது. மூச்சுக்குழாயின் சதை சுருங்கி, உள்சுவர் வீங்கி, சளி அடைத்து, போன காற்று போன இடத்திலேயே மூட்டை மூட்டையாக அடுக்கி நிற்கும், மூட்டைமேல் மூட்டை, நெஞ்சு நிறைந்துபோய் இனி ஒரு சொட்டுக் காற்றுக்கு இடமில்லை. நிறைந்திருக்கும்போதே திணறுவது என்றால் என்ன என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள். எதிர்ச் சுவரில் பதினெட்டு டைல்ஸ், ஒன்றில் விரிசல். கதவைத் தட்டலாம், தட்டவில்லை, தட்டினால் மதினி வருவாள், வந்து, "மனசைத் தைரியமா வச்சுக்க, எல்லாம் மனசுதான்" என்பாள். செத்தாலும் பரவாயில்லை அந்த வாக்கியம் வேண்டாம் என்று டைல்ஸை எண்ணினாளே, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது, இழுப்பை நினைத்து இல்லை, ஒரு வாக்கியத்துக்குப் பயந்து கதவைத் தட்டாத அந்தக் கையை நினைத்து. அன்று ஸ்ப்ரே அடித்து இறங்கியது, மத்தியானம் சோறு பொங்கினாள், மூன்று மணிக்கு மறுபடியும் பிடித்தது, அதுதான் அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. அதற்கும் டாக்டர் பெயர் வைத்திருக்கிறாள். முதலில் வெடிப்பது மாஸ்ட் செல்லாம், அது அனுப்புகிற சேதி கேட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து ரத்தத்திலிருந்து இன்னொரு கூட்டம் வருமாம், இயோசினோஃபில், சாவகாசமாக வந்து சாவகாசமாகப் புண்ணாக்கிவிட்டுப் போகும். அது ராஜகனிக்குச் சொல்லித்தரவேண்டிய விஷயமா. மதினி காலையில் ஒன்று சொன்னால் அவளுக்குச் சரியான பதில் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வரும், பாத்திரம் விளக்கும்போது, கூட்டம் கூட்டமாக, ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. அப்போது மதினி தூங்கிக்கொண்டிருப்பாள். வந்த பதில் எல்லாம் திரும்பிப் போக இடமில்லாமல் உள்ளேயே கிடந்து புண்ணாக்கும். இருபத்தெட்டு வருஷப் பதில்.

"அரிக்குதா ராஜி?" என்று தனுஷ்கோடி போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு அரிக்கலையே, சந்தோஷமா இருங்க." "இல்ல, முகம் ஒரு மாதிரியா இருக்கேன்னு கேட்டேன்." "முகத்துக்கும் ஒரு நம்பர் போடச் சொல்லுங்க." அவர் சிரித்துவிட்டார், இந்த வாய்க்குத்தான் அவர் கட்டிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள், சிரித்தபடியே எட்டி அவள் கையைப் பார்த்தார், பார்த்ததும் அவர் தோள் இரண்டும் ஒரு விரல் கீழே இறங்கின. ஒரு விரல்தான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். லாரி பத்திரமாக வந்து சேர்ந்தால் இறங்குகிற தோள் அது. பார்க்கக் கூடாது என்றிருந்தவள் பார்த்துவிட்டாள். இரண்டாம் நம்பர் வீங்கியிருந்தது, அது வீங்கும். நாலும் ஒன்பதும் வெளுத்து எழும்பி, சுற்றிச் சிவந்து, உளுந்த வடை மாதிரி ஓரம் தள்ளிக்கொண்டு நின்றன. ஏழு தட்டையாகக் கிடந்தது. வெறும் தோல். பேனா எண், ஒரு காய்ந்த சொட்டு, ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான், உப்புத் தண்ணீரின் கூடப்பிறந்தது மாதிரி. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, ஆறு நிமிடத்தில் வீங்கலாம், ஏய் எழும்பு, இருபத்தெட்டு வருஷம் என்னைத் தின்றாயே, இப்போது எழும்பு. அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அறையில் யாரும் இல்லை. சொறியக் கூடாது, சொறிந்தால் இல்லாததும் வீங்கிக் காட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் ஜெனிபர், இப்படி வழியையும் சொல்லிக் கொடுப்பாளா ஒருத்தி. வலது கை வந்து ஏழுக்குமேல் நின்றது. ஆள்காட்டி விரல் நகம், மூன்று இழுப்பு, அழுத்தி நாலு, போதும். ஐந்தாம் வகுப்பில் பக்கத்துப் பெண் காப்பி அடித்ததைத் தானே போய் சிஸ்டரிடம் சொன்னவள் இவள். நகம் தோலைத் தொட்டது. தொட்டபோதுதான் சுருக்கென்று வந்தது, பாவம் என்கிற பயம் இல்லை, ரோஷம். என் மூச்சுக்கு நான் கள்ளச் சாட்சி தயார் பண்ணுகிறேனா? மூச்சு முட்டியது எனக்கு, டைல்ஸ் எண்ணியது நான், இதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு மிளகாய்ச் சொட்டா? கிடங்கில் ஒரு தடவை நடந்து பாஸ் வாங்கினது போதாதென்று மறுபடியும் நடக்கிறேன், கையை நீட்டிக்கொண்டு, இருமாமல், இவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. அன்றைக்கு மதினி வைத்த பரீட்சை, இன்றைக்கு இவர் வைத்த பரீட்சை, நானும் கேள்வித்தாளை வாங்கி வாங்கி எழுதிக்கொண்டே இருக்கிறேன். சரி என்று சொன்னேனே, ஒரே மூச்சில். அந்தச் சரியை யார் கேட்டது, மூச்சு இல்லாதவளிடம் வாங்கின சரி என்ன சரி. அவள் நகத்தை எடுத்தாள். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு கடிகாரத்தை முறைத்துப் பார்த்தாள், கடிகாரம்தான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் என்பது போல. இனி ஏழு வீங்கினாலும் ஒன்றுதான், வீங்காவிட்டாலும் ஒன்றுதான். அதற்கப்புறம் அரிப்பு இருந்தது, பயம் இல்லை.

டாக்டர் ஷமீனா ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலோடு வந்தாள், தனுஷ்கோடி பின்னாலேயே வந்து நின்றார். அவள் ஒவ்வொன்றாக அளந்து சொல்லச் சொல்ல ஜெனிபர் எழுதினாள். "நாலு, கிடங்குப் பூச்சி, ஒன்பது மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாதும்மா, அடுக்கி வச்ச தானியம், மூட்டை, எல்லாத்துலயும் இருக்கும். ஒன்பது, பூஞ்சை, பதினொண்ணு. அம்மாடி. ஏழு…" ஸ்கேலை வைக்கக்கூட இல்லை. "ஏழு ஒண்ணுமில்ல." "மிளகாய்தானே டாக்டர் அது?" என்றார் தனுஷ்கோடி. தெரிந்துகொண்டே கேட்டார். "ஆமா சார். ஆனா மிளகாய் நெடி வேற விஷயம். அது அலர்ஜி இல்ல, எரிச்சல், இந்தக் காவல் செல் வழியா வர்றதில்ல, நேரா நரம்பைச் சுடும். இந்த டெஸ்ட்டுல தெரியவே தெரியாது. ஏற்கெனவே பூஞ்சையால புண்ணான குழாய்ல அந்த நெடி போனா…" அவர் அதற்குமேல் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அப்ப மிளகாய் இல்ல," என்றார், மெதுவாக, ராஜகனியைப் பார்க்காமல். "நான் என்ன சொன்னேன் ராஜி, மிளகாய்னு வந்தா…" டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லா டாக்டரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சார், ஸ்ப்ரே தினமும் போடணும். ஆனா அந்தக் கிடங்குக்கு மேலயே இருந்தா மருந்து எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. வீடு மாத்த முடியுமா சார் உங்களால?"

"டாக்டர்," என்றாள் ராஜகனி, "இழுக்கிறது எனக்கு. கேள்வியை இந்தப் பக்கம் கேளுங்க."

டாக்டர் திரும்பினாள். கொஞ்சம் சிவந்துவிட்டாள். "சாரிம்மா. மாத்த முடியுமா?"

"முடியும்."

"ராஜி, பேசினது என்ன? சத்தியம் பண்ணிருக்கேன்."

"நீங்க பண்ணின சத்தியம் மிளகாய்க்கு. அது தோத்துப்போச்சு, சரி. நான் மிளகாய் கிடையாது."

"அக்கா என்ன சொல்வாங்க?"

"பூஞ்சை பதினொண்ணுன்னு சொல்லுங்க. அவங்க நம்பலைன்னா இருக்கட்டும். நம்ப வச்சுட்டுத்தான் மூச்சு விடணும்னா நான் என்னைக்கு விடுறது?"

பதில் மத்தியானம் மூன்று மணிவரை காத்திருக்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெனிபர் பஞ்சால் அவள் கையைத் துடைத்துவிட்டு, சின்ன மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துப் பெயர், வயது என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"அட்ரஸ் அந்தப் பழைய சீட்டுல இருக்கிறதுதானேம்மா? மிளகாய் மண்டி மாடி?"

"இல்லத்தா. அந்த வரியைக் காலியா விடு. திங்கக்கிழமை போன் போட்டுச் சொல்றேன்."

ஜெனிபர் பேனாவை நிறுத்தித் தனுஷ்கோடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்கிற? அட்டை என் பேர்லதானே?"

அவள் எழுதாமல் அடுத்த வரிக்குப் போனாள். தனுஷ்கோடி கையில் போன் அடித்தது, லாரிக்காரனாக இருக்கும், எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. அப்புறம், அறையில் மற்ற இருவரும் இல்லாதது மாதிரி, தாழ்ந்த குரலில், "அப்ப நான் எங்க இருக்கணுமாம்?" என்று கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும்," என்றாள் ராஜகனி, மடித்துவிட்டிருந்த ரவிக்கைக் கையை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டே. "திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. யாரையும் கேக்காம சொல்லுங்க."